எட்டு மாதக் குழந்தையுடன் வெளிநாட்டில் இருக்கும் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகலாமா?

எட்டு மாத மகனையும் நாலரை வயது மகளையும் அழைத்துக்கொண்டு, வெளிநாட்டில் வசிக்கும் உங்கள் கணவரின் பெற்றோர் வீட்டில் ஆறு வாரம் தங்கப் போகிறீர்கள். புறப்பட இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. நடுவில் ஒரு விமானம் மாற வேண்டும். கணவர் இரண்டு வாரம் கழித்துத்தான் வந்து சேருவார். இவ்வளவு சிறிய குழந்தைகளை அழைத்துப்போவது சரிதானா, விமானத்தில் காது வலிக்குமா, தூங்க மருந்து கொடுக்கலாமா, என்னென்ன தடுப்பூசி போட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தேன். அதில் பெரும்பகுதி விமானத்தைப் பற்றியது. தங்கப்போகும் வீட்டைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: ‘அங்கே எல்லோரும் வீட்டு மனிதர்கள்தான், அதனால் பயமில்லை.’ பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது என்பதால், உங்கள் உண்மையான கேள்வி ‘போகலாமா’ என்பதல்ல, ‘எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம்’ என்பதே என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படி எடுத்துக்கொண்டால், நீங்கள் பயப்படும் இடத்தில் ஆபத்து குறைவு. பயமில்லை என்று எழுதிய அந்த ஒரு வரியில்தான் அதிகம்.

நான் குழந்தை மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, வெளிநாடு போகும் குழந்தைகளைப் பயணத்துக்கு முன்பும் பின்பும் பார்த்து வருகிறேன். சுற்றுலா போகிறவர்கள் புறப்படும் முன்பே பட்டியலோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்த பிறகு, காய்ச்சலோடுதான் வருவார்கள். இது என் அனுபவம் மட்டுமல்ல. பயண மருத்துவத்தில் உறவினரைப் பார்க்கப் போகிறவர்களைத் தனி வகையாகவே வைத்துப் பார்க்கிறோம். மலேரியா, டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ போன்றவை சுற்றுலாப் பயணிகளைவிட அவர்களுக்கே அதிகமாக வருகின்றன. காரணங்கள் எளியவை. அவர்கள் அதிக நாள் தங்குகிறார்கள், விடுதியில் அல்லாமல் வீட்டில் தங்குகிறார்கள், அந்த வீட்டார் குடிக்கும் நீரையே குடிக்கிறார்கள், ‘நாங்கள் வளர்ந்த இடம்தானே’ என்று மருத்துவரிடம் போகாமல் விட்டுவிடுகிறார்கள். பெற்றோர் ஒரு காலத்தில் பெற்றிருந்த எதிர்ப்பாற்றல் வேறு நாட்டில் பிறந்து வளரும் பிள்ளைக்கு வராது என்பது மட்டுமல்ல, மலேரியாவைப் பொறுத்தவரை சில ஆண்டுகள் வெளியே வாழ்ந்துவிட்டால் பெற்றோருக்கே அது தேய்ந்துவிடும். நீங்கள் நாட்டின் பெயரைக் குறிப்பிடவில்லை; ஆகவே சிலவற்றை ‘அங்கே இருந்தால்’ என்று நிபந்தனையோடுதான் சொல்ல முடியும். விசா, விமான நிறுவன விதிகள் ஆகியவை என் துறையல்ல. அவற்றில் நான் பயணி மட்டுமே.

முதலில் விமானம். நிறைமாதத்தில் பிறந்த, ஆரோக்கியமான எட்டு மாதக் குழந்தை விமானத்தில் போகலாம். இதில் எனக்குச் சந்தேகமில்லை. பறக்கும்போது விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமமாக இருக்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எல்லோருக்கும் சற்றே குறையும். ஆரோக்கியமான குழந்தை அதைத் தாங்கிக்கொள்ளும். குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் கோளாறு உள்ளவர்கள், பிறவி இதய நோய் உள்ளவர்கள், அரிவாள் அணு (சிக்கிள் செல்) இரத்தசோகை உள்ளவர்கள், தற்போது நிமோனியாவில் இருப்பவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகிய குழந்தைகளுக்கு மட்டும் இந்தப் பதில் பொருந்தாது. உங்கள் மகன் அந்த வகையில் இருந்தால், அவனைப் பார்த்துவரும் மருத்துவரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் ஏற வேண்டாம்.

காது வலி பற்றிய உங்கள் கவலைக்கு அடிப்படை உண்டு, ஆனால் அது அரை மணி நேரக் கவலை. நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் சிறு குழந்தைகளுக்குக் குறுகலானது. விமானம் மேலேறும்போது நடுக்காதில் உள்ள காற்று எளிதாக வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வேண்டும், அப்போதுதான் குழாய் ஒட்டிக்கொண்டு செவிப்பறை உள்ளே இழுக்கப்பட்டு வலிக்கிறது. விழுங்கும் ஒவ்வொரு முறையும் குழாய் ஒரு கணம் திறக்கும். எனவே பால் கொடுக்க வேண்டிய நேரம் விமானம் கிளம்பும்போது அல்ல, இறங்கத் தொடங்கும்போது. அதாவது தரையைத் தொடுவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பிருந்து. பலர் ஏறும்போதே வயிறு நிறையக் கொடுத்துவிட்டு, இறங்கும்போது பசியில்லாத குழந்தையோடு போராடுகிறார்கள். மகளுக்கு உறிஞ்சுகுழாயில் தண்ணீரோ மென்று தின்ன ஏதாவதோ போதும். காதில் சீழ் வந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு அழுத்த மாற்றத்தால் அதிகம் வலிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் செவிப்பறையில் துளை இருந்தால் அழுத்தம் தானாகவே சமன்படும், வலி குறைவாகவே இருக்கும். கடுமையான சளியும் மூக்கடைப்பும் உள்ள குழந்தைதான் அதிகம் அழும். மூக்கடைப்பு மருந்துகள் சிறு குழந்தைகளின் இந்த வலியைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. நான் எழுதிக் கொடுப்பதில்லை.

தூக்க மருந்து வேண்டாம். ஒவ்வாமைக்குத் தரப்படும் டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய மருந்துகளைத்தான் பெரும்பாலும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு வயதுக்குக் கீழே அவை மூச்சைத் தணித்துவிடக்கூடும். அளவு சிறிது தவறினாலும், மருத்துவரே இல்லாத இடத்தில், வானத்தில் இருக்கிறீர்கள். அது நேராவிட்டாலும், சில குழந்தைகளுக்கு இம்மருந்து நேர் எதிராக வேலை செய்யும். என்னிடம் வரும் ஒரு தாய், நான் சொன்னதைக் கேளாமல் ஒரு சிறு கரண்டி கொடுத்துவிட்டு, ஒன்பது மணி நேரம் கண் மூடாமல் இருக்கைகளுக்கு இடையில் ஓடிய மகளின் பின்னாலேயே நடந்ததாகப் பிறகு வந்து ஒப்புக்கொண்டார். தூக்கத்தைத் தூண்டும் ஹார்மோனான மெலடோனின் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சிறு குழந்தைகளின் கால வேறுபாட்டுத் தூக்கக்கேட்டுக்கு அது பயன்படுமா என்பதற்கு நம்பத்தக்க ஆய்வுகள் போதவில்லை. கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது, மகளுக்கும் தேவையில்லை.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள விமான நிறுவனங்கள் அனுமதிக்கின்றன என்பதால் அது பாதுகாப்பானது என்று பொருளல்ல. விமானம் திடீரெனக் குலுங்கும்போது பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த எவராலும் முடியாது. பணவசதி இருந்தால் அவனுக்கும் தனி இருக்கை வாங்கி, விமானத்தில் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட கார் சீட்டைக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால், சுவரில் மாட்டும் தொட்டில் உள்ள இருக்கையை இப்போதே கேட்டு வையுங்கள். தொட்டிலுக்கு எடை வரம்பு உண்டு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பத்து மாதத்தை நெருங்கும் பையன் அதைத் தாண்டிவிடக்கூடும். கார் சீட்டைக் கொண்டுபோகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆவணங்களைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். கணவர் உடன் வராமல் குழந்தைகளோடு நீங்கள் மட்டும் எல்லை கடக்கிறீர்கள். ஒரு பெற்றோர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடுவதைத் தடுக்க 1980-இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையில் பல நாடுகள் சேர்ந்திருக்கின்றன. அதனால் தனியாக வரும் தாயையோ தந்தையையோ குடிவரவு அதிகாரிகள் கேள்வி கேட்பது இயல்பு. பயணத் தேதிகளும் தங்கும் முகவரியும் குறிப்பிட்டுக் கணவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், முடிந்தால் நோட்டரி சான்றோடு, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல்களோடு உங்கள் கைப்பையில் இருக்கட்டும். உங்கள் பெயரும் குழந்தைகளின் பெயரும் பொருந்தாமல் இருந்தால் இது இன்னும் முக்கியம். குழந்தைகளின் பாஸ்போர்ட் பல நாடுகளில் பெரியவர்களுடையதைவிடக் குறைந்த ஆண்டுகளுக்கே வழங்கப்படுகிறது; நுழையும்போது இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று கேட்கும் நாடுகளும் உண்டு. தந்தையின் நாட்டுச் சட்டப்படி உங்கள் பிள்ளைகளும் அந்நாட்டுக் குடிமக்களாகக் கருதப்படுவார்களா, அப்படியானால் எந்தப் பாஸ்போர்ட்டில் நுழைய வேண்டும் என்பதை மட்டும் தூதரகத்திடமே கேளுங்கள். என்னைப் போன்றவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம்.

தடுப்பூசிக்கு வருகிறேன். ஏழு வாரம் இருப்பது நல்ல செய்தி. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். எல்லாவற்றிலும் முதலாவது தட்டம்மை. சின்னம்மையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது மிக வேகமாகப் பரவக்கூடியது, விமான நிலையங்களிலும் பரவுகிறது. வழக்கமாக ஒன்பது மாதத்திலோ ஒரு வயதிலோ, நாட்டைப் பொறுத்து, முதல் ஊசி போடப்படும். வெளிநாடு போகும் ஆறு முதல் பதினொரு மாதக் குழந்தைக்கு அதற்கு முன்பே ஓர் ஊசி போடலாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் குறுக்கே நிற்பதால் இந்த ஊசி முழுப் பலன் தராமல் போகலாம். எனவே அதைக் கணக்கில் சேர்க்காமல், ஒரு வயதுக்குப் பிறகு இரண்டு ஊசிகளை மறுபடியும் போட வேண்டும். ‘வீணாக ஒரு ஊசியா’ என்று சிலர் கேட்பார்கள். தட்டம்மை மிகக் கடுமையாகத் தாக்கும் வயதில்தான் அவன் இருக்கிறான் என்பதே என் பதில். மகளுக்கு இரண்டாவது ஊசி போட்டாகிவிட்டதா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால், முதல் ஊசிக்கும் அதற்கும் 28 நாள் இடைவெளி இருந்தால் போதும், இப்போதே போட்டுவிடலாம். இரண்டுமே புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னதாகப் போட்டிருக்க வேண்டும்.

மற்றவை போகும் இடத்தைப் பொறுத்தவை. டைபாய்டு பரவலாக உள்ள இடமென்றால், புதிய வகை இணைப்பு ஊசியை ஆறு மாதத்திலிருந்தே போடலாம்; பழைய வகை இரண்டு வயதுக்கு மேல்தான், அது உங்கள் மகளுக்கு மட்டும் பொருந்தும். ஹெபடைடிஸ் ஏ சிறு குழந்தைகளைப் பெரும்பாலும் அறிகுறியே இல்லாமல் கடந்துபோகும். ஆனால் அவர்களின் டயப்பரை மாற்றும் பெரியவருக்குக் கடும் மஞ்சள் காமாலையாக வரும். ஆகவே இதில் பிள்ளையைக் காப்பது பாட்டியையும் காப்பதுதான். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடென்றால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கக்கூடும். அந்த ஊசி ஒன்பது மாதம் முடிந்தவர்களுக்கு. ஆறு மாதத்துக்குக் கீழ் போடவே கூடாது. போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும்; 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுவதற்கும் செல்லும். புறப்படும்போது மகனுக்கு ஒன்பதரை மாதம் ஆகியிருக்கும் என்பதால் கணக்கு மிக நெருக்கமாக இருக்கிறது. போதாக்குறைக்கு, தட்டம்மை ஊசியும் இதுவும் உயிருள்ள கிருமியைக் கொண்டவை. இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டும், அல்லது நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். இதை மனதில் வைத்து மருத்துவர் தேதி குறிக்கட்டும். அதேபோல, அங்கே குழந்தையைத் தூக்கப்போகும் பெரியவர்கள் கக்குவான் இருமலுக்கும் ஃப்ளூவுக்கும் ஊசி போட்டுக்கொள்ளட்டும், நீங்கள் போய்ச் சேர்வதற்கு இரண்டு வாரம் முன்பாவது. இதை மாமியாரிடம் நீங்கள் சொல்வதைவிடக் கணவர் சொல்வது எளிதாக இருக்கலாம்.

மலேரியா உள்ள பகுதியென்றால் தடுப்பு மாத்திரையைத் தவிர்க்க வேண்டாம். எந்த மருந்து என்பது அந்தப் பகுதியின் கிருமி எந்த மருந்துக்குப் பணிகிறது என்பதைப் பொறுத்தது. அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, ஆகவே அண்மையில் எடுத்த எடையோடு போங்கள். எல்லா மருந்துகளையும் புறப்படும் முன்பே தொடங்க வேண்டும். திரும்பிய பிறகும், மருந்துக்கேற்ப ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுவதே நான் அதிகம் பார்க்கும் தவறு. மாத்திரை மட்டும் போதாது. மலேரியாவைப் பரப்பும் கொசு மாலை முதல் விடியல் வரை கடிக்கும், டெங்குவைப் பரப்புவது பகலில் கடிக்கும். எனவே பையன் பகலில் உறங்கும்போதும் வலைக்குள்ளேயே உறங்கட்டும். டீட் கலந்த கொசு விரட்டியை இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தடவலாம், ஆனால் உங்கள் உள்ளங்கையில் எடுத்துத் தடவுங்கள், வாய்க்குப் போகும் அவன் கைகளில் தடவாதீர்கள்.

இன்னும் தாய்ப்பால் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பயணம் முடியும்வரை நிறுத்தாதீர்கள். புது இடத்து வயிற்றுப்போக்குக்கு எதிராக இதைவிட நல்ல கவசம் இல்லை. தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஊரில் மூன்று நிமிடம். பால் பொடியும் கொடுப்பீர்களானால் கொதித்து ஆறிய நீரில் அல்ல, 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்கி, பிறகு ஆறவிடுங்கள். பொடியிலேயே கிருமி இருக்கக்கூடும் என்பதால்தான் இந்த விதி. வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் பிள்ளையைக் காப்பது ஓஆர்எஸ் கரைசல். பொட்டலத்தில் எவ்வளவு நீர் என்று எழுதியிருக்கிறதோ அவ்வளவு நீரிலேயே கரைக்க வேண்டும். ‘கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும்’ என்று நீரைக் குறைப்பது ஆபத்து. ஒவ்வொரு முறை போனதும் மகனுக்கு 50 முதல் 100 மில்லி, மகளுக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஒரு சிறு கரண்டி, ஒரு நிமிடம் விட்டு இன்னொன்று. பழச்சாறும் குளிர்பானமும் இதற்கு மாற்றல்ல. வயிற்றுப்போக்கை நிறுத்தும் பெரியவர்களின் மாத்திரையைக் குழந்தைக்குத் தரக்கூடாது. ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகாமலிருந்தாலும், கண்ணீரில்லாமல் அழுதாலும், உச்சிக்குழி பள்ளமாக இருந்தாலும், எழுப்ப எழுப்பச் சோர்ந்து விழுந்தாலும், மலத்தில் இரத்தம் வந்தாலும் கரண்டியை வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி அந்த ஒரு வரிக்கு, ‘எல்லோரும் வீட்டு மனிதர்கள்தான்’ என்பதற்கு வருகிறேன். ஆண்டுக்கணக்காகச் சிறு குழந்தையே இல்லாத வீடு அது. மேசை ஓரத்தில் வாரநாட்கள் எழுதிய மாத்திரைப் பெட்டி இருக்கும். முதியவர்கள் எளிதாகத் திறக்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட பெட்டி. நாலரை வயதுக் குழந்தைக்கும் அது எளிதாகவே திறக்கும். உள்ளே இளஞ்சிவப்பிலும் மஞ்சளிலும் மிட்டாய் போன்ற வட்டங்கள். பாட்டியின் கைப்பையில் இன்னும் நான்கு, தலையணைக்கு அடியில் இரண்டு. சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு வகை மாத்திரை ஒன்றே ஒன்று இரத்தச் சர்க்கரையை மிகவும் குறைத்து ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடும். அதன் விளைவு பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம் என்பதால், விழுங்கிய குழந்தை ‘நன்றாகத்தான் விளையாடுகிறது’ என்பதில் ஆறுதல் இல்லை. இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும் மலேரியாவுக்கான குளோரோகுவினும் இப்படிச் சிறு அளவிலேயே ஆபத்தானவை; இரும்புச்சத்து மாத்திரைகள் பல உள்ளே போனாலும் ஆபத்துதான். நான் பார்த்த குழந்தை ஒன்று, தாத்தாவின் மாத்திரையைத் தாத்தாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரத்தில் விழுங்கியிருந்தது. நல்லவேளையாக அவர் எண்ணிப் பார்த்தார், ஒன்று குறைந்ததைக் கவனித்தார், உடனே அழைத்து வந்தார். ஆகவே போய் இறங்கிய அன்றே, பெட்டிகளைப் பிரிக்கும் முன்பே, மாத்திரைகள் எல்லாம் உயரமான, பூட்டக்கூடிய ஓரிடத்துக்குப் போகட்டும். ‘உங்கள் பேரன் எல்லாவற்றையும் வாயில் வைக்கிறான்’ என்று சொல்லிக் கேளுங்கள். பழி வீட்டின்மேல் விழாமல் பேரன்மேல் விழட்டும், யாரும் மனம் கோணமாட்டார்கள்.

அதே கையோடு குளியலறை வாளியையும் மாடிப்படியையும் பாருங்கள். தவழும் குழந்தை மூழ்குவதற்குச் சில சென்டிமீட்டர் நீர் போதும், சத்தமும் வராது. நாய் இருந்தால், அது எவ்வளவு சாதுவென்று சொன்னாலும், குழந்தையோடு தனியே விட வேண்டாம். ரேபிஸ் உள்ள நாடென்றால், கடியோ கீறலோ பட்டதும் சோப்பு போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும். தெரு நாயைத் தொட்டதைத் திட்டுவார்கள் என்று பயந்து பிள்ளைகள் மறைப்பார்கள் என்பதால், மறைக்காமல் சொன்னால் திட்டமாட்டேன் என்று மகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

கார் சீட்டுக்கு வருவதாகச் சொன்னேன். ஐந்து வயது முதல் இருபத்தொன்பது வயது வரையிலானவர்களின் மரணத்துக்கு உலக அளவில் முதற்காரணம் சாலை விபத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விமான நிலையத்துக்கு அன்போடு அழைக்க வரும் உறவினரின் வண்டியில் கார் சீட் இருக்காது. ‘பக்கத்தில்தானே, மடியில் வைத்துக்கொள்’ என்பார்கள். அந்த முதல் முக்கால் மணி நேரம், நீங்கள் பயந்த விமானப் பயணம் முழுவதையும்விட ஆபத்தானது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. போய்ச் சேரும்போது மகனின் வயது, முகம் தெரியாதவர்களைக் கண்டால் அலறும் வயது. எட்டு முதல் பத்து மாதத்தில் அது உச்சத்தில் இருக்கும். பிறந்ததிலிருந்து காத்திருந்த பாட்டி கையை நீட்டுவார், அவன் வீல் என்று கத்தி உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்வான். அது அன்பின்மையோ வளர்ப்புக் குறையோ அல்ல. தாயையும் பிறரையும் பிரித்தறியும் மூளை வளர்ச்சி சரியாக நடக்கிறது என்பதன் அறிகுறி. இதை முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டால் பாட்டியின் மனம் பாதி தேறும். சந்திக்கும்போது அவன் உங்கள் மடியிலேயே இருக்கட்டும். பாட்டி சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்க்காமல், ஒரு கரண்டியையோ மூடியையோ கையில் வைத்து உருட்டிக்கொண்டு உங்களோடு பேசட்டும். பெரும்பாலும் இருபது நிமிடத்துக்குள் அவனே அந்தக் கரண்டியைத் தேடி வருவான். நீங்கள் அறையை விட்டு வெளியேறுவது அதற்குப் பிறகு, முதலில் ஒரு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம். கட்டாயப்படுத்திக் கையில் திணித்தால் ஒரு நாளில் முடிய வேண்டியது ஒரு வாரம் இழுக்கும். மகளுக்கு வேறு வகைச் சிக்கல்: எல்லோரும் தம்பியையே பார்க்க வந்திருப்பார்கள். அவள் கையில் கொடுத்துப் பாட்டியிடம் சேர்க்கச் சொல்ல ஏதாவது ஒரு பொறுப்பு, அவளே வரைந்த படமானாலும் போதும்.

தூக்கம் கலையும், எப்படியும் கலையும். உடல் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும், கிழக்கு நோக்கிப் போனால் இன்னும் மெதுவாக. காலை வெளிச்சத்தில் வெளியே கொண்டுபோங்கள், பகல் தூக்கத்தை நீளவிடாதீர்கள், நள்ளிரவில் விழித்தால் விளக்கைப் போடாமல், விளையாட்டுக் காட்டாமல், பசித்தால் மட்டும் பால் கொடுத்துப் படுக்க வையுங்கள். முதல் நான்கு நாட்களுக்கு விருந்து, உறவினர் வரிசை எதையும் வைக்க வேண்டாம் என்று கணவர் சொல்லி வைப்பது நல்லது. காப்பீட்டில் மூன்றைப் பார்த்து வாங்குங்கள்: கைக்குழந்தை சேர்க்கப்பட்டிருக்கிறதா, முன்பே உள்ள நோய் விலக்கப்பட்டிருக்கிறதா, வேறு ஊருக்கு மாற்ற நேர்ந்தால் அந்தச் செலவு உள்ளடங்குமா. காய்ச்சல் மருந்தும் அளக்கும் குழலும் வெப்பமானியும் ஓஆர்எஸ்ஸும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி தொலைந்துபோகும் நாளில்தான் காய்ச்சல் வரும். குழந்தையின் பாலும் மருந்தும் 100 மில்லிக்கு மேலிருந்தாலும் பெரும்பாலான விமான நிலையங்கள் அனுமதிக்கும், பரிசோதனையின்போது தனியே எடுத்துக் காட்ட வேண்டும்.

கடைசியாக, திரும்பி வந்த பிறகு. மலேரியா உள்ள பகுதிக்குப் போயிருந்தால், அங்கே கால் வைத்த ஏழாம் நாளிலிருந்து, திரும்பிய பின் ஓராண்டு வரை வரும் எந்தக் காய்ச்சலையும் மலேரியா என்றே முதலில் சந்தேகித்து அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மாத்திரை ஒழுங்காகக் கொடுத்திருந்தாலும்கூட. கொடிய வகை பெரும்பாலும் முதல் ஓரிரு மாதங்களில் வெளிப்படும், இன்னொரு வகை கல்லீரலில் பதுங்கியிருந்து மாதங்கள் கழித்து எழும். டைபாய்டும் இரண்டு மூன்று வாரம் கழித்து, பயணத்தையே எல்லோரும் மறந்திருக்கும்போது வரலாம். அன்று உங்கள் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் வாசலில் இருமிக்கொண்டிருக்கும் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் இருப்பார். அவராகக் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். எத்தனை நாள் காய்ச்சல், எவ்வளவு சூடு என்பதற்கெல்லாம் முன்பாக, உட்கார்ந்ததும் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், எந்த நாட்டுக்குப் போய் எந்தத் தேதியில் திரும்பினீர்கள் என்பதுதான்.